பேஸ் டிரம்முக்குள் ஒரு சிவப்புக் குறி

என் தம்பி ஜோஷுவாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். புனே கேம்ப் பக்கத்தில் அவனைப் போல டிரம்ஸ் வாசிக்க ஆள் இல்லை என்பார்கள். அவன் வாயில் விழுந்து எழுந்தவர்களும் இல்லை என்பார்கள். இரண்டும் உண்மை. நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள், பெயர் அமலா. அவனைப் பற்றி எழுதுவதென்றால் இரண்டையும்தான் எழுத வேண்டும்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, தாபோடியில் ராணுவக் கல்லூரியின் மெஸ்ஸில் வேலை பார்த்தார். நாங்கள் இருவரும் பிறந்தது இங்கேதான். நான் பத்தாவதில் கணக்குப் பாடத்தில் இரண்டு முறை தவறிவிட்டு வேலைக்குப் போனேன். ஜோஷுவா பன்னிரண்டு வரை படித்தான். ஆனால் அவனுடைய படிப்பெல்லாம் காதில்தான் இருந்தது. குவார்ட்டர்ஸில் எந்த வீட்டில் பாத்திரம் கீழே விழுந்தாலும், எவர்சில்வரா அலுமினியமா, யார் வீடு என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுவான். அப்போது அவனுக்கு எட்டு வயது. நான் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வருவேன். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

அந்தக் காதுதான் அவனுடைய வாயையும் கெடுத்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டு ஒத்திகை. கிட்டார் வாசித்தவர் மனோஜ், வங்கி அதிகாரி, யாருக்கும் தீங்கு நினைக்காதவர். மூன்றாவது பாட்டின் நடுவில் ஜோஷுவா குச்சிகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டான்.

"மனோஜ் சார், நீங்க பாட்டோட வரல, பாட்டைத் தொரத்திட்டு வாரீங்க. பஸ்ஸு போயாச்சு. அடுத்த பஸ்ஸில ஏறிக்கிடுங்க."

முப்பது பேர் சிரித்தார்கள். மனோஜும் சிரித்தார். அடுத்த ஒத்திகைக்கு அவர் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. நான் ஜோஷுவாவைத் திட்டினேன். "அவரு லேட்டா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றான். லேட்டுதான். தாளத்தைப் பற்றி அவன் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. அவனால் மனம் புண்பட்டவர்கள் வரிசையில் நானும் இருக்கிறேன். ஆனாலும் தாளத்தில் பொய் சொல்லாத அந்த ஒன்றுக்காக அவனை எங்கேயும் விட்டுக்கொடுக்காமல் இருந்தேன்.

இப்படிப்பட்டவனுக்கு நாற்பத்தொரு வயதாகியும் சொந்தமாக ஒரு டிரம் செட் கிடையாது. ஞாயிறு காலை சர்ச்சின் செட், மற்ற நாள்களில் ஹோட்டல்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் அவர்கள் வைத்திருக்கும் செட். புதிதாக வாங்க அவன் ஒப்பவில்லை. கடையில் இருப்பவை எல்லாம் வாளி என்பான். அவனுக்கு வேண்டியது ஒரே ஒன்று. ஒன்பது வயதில், கேம்ப்பில் ஒரு டான்ஸ் ஹாலில் நடந்த கிறிஸ்துமஸ் விருந்துக்குப் பரிமாற அப்பா போனபோது எங்களையும் கூட்டிப்போனார். மேடை ஓரத்தில் நின்று ஜோஷுவா ஒரு டிரம் செட்டின் ஓசையைக் கேட்டான். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்து கப்பலில் வந்த செட் என்று பிறகு தெரிந்துகொண்டான். மெல்லிய மரச்சுவர், வெண்முத்து நிற உறை. அந்த வகைதான் வேண்டும், இல்லையென்றால் எதுவும் வேண்டாம். பதினோரு வருஷம் தேடினான்.

சென்ற மார்ச்சில் இணையத்தில் ஒரு விளம்பரம் வந்தது. விஷ்ராந்த்வாடியில் ஒரு வீடு. பெயர் கல்யாணசுந்தரம். படத்தில் வெண்முத்து நிறம்.

"அக்கா, ஞாயித்துக்கெழம நீயும் வரணும். உன் சாமானையெல்லாம் எடுத்துக்கோ" என்றான் ஜோஷுவா.

என் சாமான் என்று அவன் சொன்னது என் வேலைக் கருவிகளை. போசரியில் ஒரு சிறிய தொழிற்சாலையில் வந்திறங்கும் பாகங்களைச் சோதிப்பது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே மேசை. வெர்னியர் காலிப்பர், இடுக்கில் நுழைத்துப் பார்க்கும் மெல்லிய தகடுகளின் கட்டு, டார்ச், ஒரு சிவப்பு மெழுகுப் பென்சில். அளவு தவறிய பாகத்தின்மேல் அந்தப் பென்சிலால் பெருக்கல் குறி போடுவோம். குறி விழுந்தால் அது ரிஜெக்ட். அதை அப்படியே பழைய இரும்புக்குப் போடமாட்டோம், சுத்தியலால் உடைத்துத்தான் போடுவோம். உடைக்காவிட்டால் எவனாவது எடுத்துத் துடைத்து, நல்ல சரக்கோடு கலந்துவிடுவான். நான் குறி போட்ட எதுவும் திரும்பி வந்ததில்லை.

அந்த ஞாயிறு காலை பத்தரைக்குப் போனோம். மூன்று மாடிப் பழைய கட்டடம். இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்று வாசலிலேயே மராத்தியில் பலகை இருந்தது. மாதக் கடைசிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும். ஜோஷுவா பலகையை நின்று படித்தான். படித்துவிட்டுச் சீட்டியடித்தான்.

கல்யாணசுந்தரத்துக்கு எழுபத்தாறு வயது. மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு கண்ணிலும் புரை. அவர் மனைவி கனகவல்லி கதவைத் திறந்தார்.

"வாங்க, வாங்க. அந்தத் தகர டப்பாவ எடுத்துட்டுப் போனீங்கன்னா ஒங்களுக்குப் புண்ணியம். மகன் ஃப்ளாட்டுல பூந்தொட்டி வைக்கவே எடமில்ல. இதையும் தூக்கிட்டு வந்தா வெளியில படுங்கன்னு மருமக சொல்லிட்டா."

"தகரம் இல்ல கனகு, மரம்" என்றார் கல்யாணசுந்தரம்.

"நாப்பத்தஞ்சு வருஷமா காதுல அடிச்சது எனக்குத் தெரியாதா, மரமா தகரமான்னு?"

உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். கல்யாணசுந்தரம் ராணுவக் கிடங்கில் முப்பத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்து, சாயங்காலம் பொழுது போகாமல் கேம்ப்பில் டெனிஸ் என்ற கோவாக்காரரின் பேண்டில் சேர்ந்திருக்கிறார். டெனிஸ் வெளிநாடு போனபோது இந்தச் செட்டை இவருக்கு விற்றுவிட்டுப் போனாராம்.

"எழுபத்தெட்டுல. 'கல்யாண், இது அசல். புனேல இது ஒண்ணுதான் இருக்கு. வேற எவனும் கேட்டான், உனக்குத்தான் குடுக்கணும்னு வச்சிருந்தேன்'னான். நம்ம ஊர்க்காரனே என்னை அவ்ளோ மதிச்சதில்ல, தம்பி."

"எந்த ஹால்ல வாசிச்சீங்க, அங்கிள்?" என்று கேட்டான் ஜோஷுவா.

அவர் சொன்னார். தொண்ணூற்றாறு வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஹாலில் வாசித்தது தாம்தான் என்றார்.

நான் ஜோஷுவாவைப் பார்த்தேன். அவனுக்கு ஒன்று மிகவும் பிடித்துப்போனால் காதுமடல் சிவக்கும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இரண்டு மடலும் சிவந்திருந்தன. ஆனால் முகத்தில் ஒன்றும் இல்லை. டிரம் திருகுகளைக் கழற்றும் சாவியை எடுக்கக் கல்யாணசுந்தரம் உள்ளே போனதும் அவன் காதில் கேட்டேன்.

"அதே ஆளுதான?"

"அதே ஆளு. அதே செட்டு."

"அவருட்ட சொல்லேன், சந்தோசப்படுவாரு."

"சொன்னா வெல ஏறும். நீ சும்மா இரு."

பிறகு சோதனை. ஒன்று சொல்ல வேண்டும், அதைப் போல ஒழுங்காக ஒரு பொருளை யாரும் சோதித்து நான் பார்த்ததில்லை. ஜோஷுவா ஒவ்வொரு டிரம்மின் தோலையும் கழற்றினான். திருகுகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தானோ அதே வரிசையில் துண்டின்மேல் வைத்தான். சாப்பாட்டு மேசைக்கு மேலே கண்ணாடி போட்டிருந்தார்கள். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, தோல் இல்லாத டிரம்மை அந்தக் கண்ணாடிமேல் கவிழ்த்து, உள்ளே டார்ச்சை எரியவிட்டான். விளிம்பு சமமாக இருந்தால் அடியில் வெளிச்சம் கசியாது. நான் சுற்றிச் சுற்றித் தகட்டை நுழைத்துப் பார்த்தேன். மிக மெல்லிய தகடுகூட எங்கேயும் நுழையவில்லை. எட்டு இடத்தில் குறுக்களவு எடுத்தேன். வட்டம் எங்கும் அரை மில்லிமீட்டருக்கு மேல் பிசகவில்லை. அறுபது வருஷ மரம். எங்கள் தொழிற்சாலையில் போன வாரம் செய்த வளையம்கூட அப்படி இருக்காது.

"எப்படிம்மா?" என்றார் கல்யாணசுந்தரம். அவருக்கு என் கையிலிருந்த தகடுகளை அடையாளம் தெரிந்தது. "நானும் அத வச்சுத்தான் பொழப்பு நடத்தினேன்."

நான் பதில் சொல்வதற்குள் ஜோஷுவா சொன்னான். "வெளிச்சம் கசியுது, அங்கிள். பாத்தீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். புரை விழுந்த கண்ணுக்கு டார்ச் வெளிச்சம் எல்லாப் பக்கமும்தான் கசியும். "ஆமா, லேசா தெரியுது" என்றார்.

அதற்குப் பிறகு ஜோஷுவா ஒவ்வொன்றாக எடுத்தான். உறை பிற்பாடு ஒட்டியது என்றான். திருகுப் பிடிகள் இரண்டு விதம் என்றான். முன்னால் இருக்கும் பித்தளை முத்திரை மட்டும் அசல், மற்றதெல்லாம் மும்பையில் எவனோ தச்சன் செய்தது என்றான். குரலை உயர்த்தவே இல்லை. மருத்துவர் பேசுவதைப் போலப் பேசினான்.

"டெனிஸ் அப்படிச் செய்ற ஆளில்ல" என்றார் கல்யாணசுந்தரம்.

"ஊர விட்டுப் போறவன் எதையும் செய்வான், அங்கிள். மதராஸிக்கு என்ன தெரியும்னு தலையில கட்டிட்டுப் போயிருக்கான்."

கனகவல்லி சமையலறையிலிருந்து சிரித்தார். "நான் சொல்லல? பெரிய தொர இவருக்குன்னு எடுத்து வச்சிருந்தானாம்!"

கல்யாணசுந்தரம் டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். தோல்களை நாங்கள் திரும்ப மாட்டியிருந்தோம். "ஓசையக் கேளுங்க, தம்பி. ஓசை பொய் சொல்லாதுல்ல" என்று குச்சியை எடுத்தார். ஒரு நிமிஷம் வாசித்திருப்பார். தோள் அசையவில்லை, மணிக்கட்டு மட்டும் வேலை செய்தது. அந்த அறையில் எனக்கு ஒன்பது வயது ஜோஷுவா நின்ற மேடை ஓரம் நினைவுக்கு வந்தது. முடித்துவிட்டு அவர் ஜோஷுவாவைப் பார்த்தார். விலைக்காகப் பார்க்கவில்லை.

ஜோஷுவா வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரெண்டாவது அடி லேட்டா விழுது, அங்கிள். அப்பவும் இப்படித்தானா? டான்ஸ் ஆடுனவங்க பாவம்."

அவர் குச்சிகளை உறையில் போட்டார். ஒரு தடவை குறி தப்பி, இரண்டாம் தடவை போட்டார்.

கடைசியாகப் பெரிய பேஸ் டிரம் பாக்கி. நானும் ஜோஷுவாவும் தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தோம். உட்சுவரில் ஊதா மையில் ஒரு முத்திரை, விரல் நீளம். மார்ச் 11, 1964. செய்தவர்கள் போட்ட தேதி. அசல் செட்டுக்கு அதைவிட வேறு சான்று இல்லை. ஜோஷுவாவின் மூச்சு என் கன்னத்தில் பட்டது. பிறகு தலையை வெளியே எடுத்தான்.

"உள்ள ஒண்ணும் இல்ல, அங்கிள். அசலா இருந்தா தேதி போட்டிருப்பான். அக்கா, உங்க கம்பெனில இப்படி ஒண்ணு வந்தா என்ன செய்வீங்க?"

"செவப்பு போடுவோம்" என்றேன்.

"போடு. அங்கிளும் இன்ஸ்பெக்டர்தான, அவருக்குப் புரியும்." பென்சிலோடு என் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், முத்திரைக்கு நேராக வைத்தான். "இங்க."

இருபத்திரண்டு வருஷத்தில் நல்ல பாகத்துக்கு நான் குறி போட்டதில்லை. அன்றைக்குப் போட்டேன். முத்திரையின் மேலேயே, மூலைக்கு மூலை, இரண்டு கோடு. என் தம்பிக்கு அந்தச் செட் வேண்டும், அவ்வளவுதான் அப்போது என் மனதில் இருந்தது.

கல்யாணசுந்தரம் குனிந்து பார்த்தார். சிவப்பு மட்டும் அவருக்குத் தெரிந்தது.

"ரிஜெக்ட்" என்றார் மெதுவாக. "உங்க பக்கமும் இதே குறிதானாம்மா?"

"ஆமா, சார்."

"ஒடைச்சுத்தான் போடுவீங்களா?"

"ஒடைச்சுத்தான். இல்லேன்னா கலந்திரும்ல."

"கரெக்ட்" என்றார்.

ஜோஷுவா அவர் கேட்ட விலையில் நாலில் ஒரு பங்கைச் சொன்னான். விறகாக வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள், யோசித்து வையுங்கள், அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றான். படியிறங்கும்போது ஜோஷுவா இரண்டிரண்டு படியாகத் தாண்டினான்.

"ஏன்லே, இன்னைக்கே எடுத்திருக்கலாம்ல?" என்றேன்.

"ஒரு வாரம் ஊறட்டும். காலி பண்ணுத அவசரத்துல அந்தம்மாவே கீழ எறக்கிக் குடுக்கும். ஜூனா பஜார்ல பழைய சாமான் வாங்கி இருவது வருஷம் படிச்ச பாடம்க்கா இது."

அந்த வாரம் அவனை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டில் கட்டிலை நகர்த்தி, தரையில் சாக்பீஸால் பேஸ் டிரம்முக்கு வட்டம் போட்டான். நான் குறித்து வைத்த அளவைக் கேட்டுக் கேட்டுப் போட்டான். புதன்கிழமை இரவு சாப்பிடும்போது, "அக்கா, இனிமே அடுத்தவன் செட்ல உக்கார மாட்டேன்" என்றான். நாற்பத்தொரு வயதில் அவன் முகம் அப்படி இருந்து அப்போதுதான் பார்த்தேன். முத்திரை விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஒரு டெம்போவை அமர்த்திக்கொண்டு போனோம். பழைய போர்வை ஆறு, கட்ட நைலான் கயிறு. கேட்டுக்குள் நுழையும்போதே, பழைய சாமான் எடைக்கு வாங்கும் பங்கார்வாலாவின் கைவண்டி நின்றது. அந்தக் கட்டடத்தில் எல்லோரும் பழைய சாமான் போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜோஷுவாதான் முதலில் பார்த்தான். வண்டியில் ஒரு மூட்டையின் வாய் திறந்து, வெண்முத்து நிறத்தில் ஏதோ பளபளத்தது.

கல்யாணசுந்தரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார், அதே மாதிரி இஸ்திரிச் சட்டையில்.

"வாங்க தம்பி. ஃபோன் பண்ணியிருக்கணும் நான், நம்பர எழுதி வச்ச காயிதம் பேக்கிங்ல போயிடுச்சு. ஒங்களுக்கு வீண் அலைச்சல்."

"அங்கிள், இது என்ன?"

"ரிஜெக்ட் சரக்கு. முந்தாநாள் ஒடைச்சேன். இரும்பு தனி, பித்தளை தனி, மரம் தனி. வியாழக்கெழம மும்பைலேர்ந்து ஒருத்தர் வந்தாரு. நான் கேட்ட வெலைய அப்படியே குடுக்கறேன்னாரு. பாவம், அசல்னு நெனைச்சுக்கிட்டாரு. இன்ஸ்பெக்ஷன்ல ரிஜெக்ட் ஆயிடுச்சு சார், ஏமாறாதீங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். அவர் கேக்கவே மாட்டேங்குறாரு, கனகுதான் கதவச் சாத்தினா. சரி, வச்சிருந்தா இன்னொருத்தன் தலையில போய் விழும்னு ஒடைச்சுட்டேன். எனக்கு ஒருத்தன் செஞ்சத நான் ஒருத்தனுக்குச் செய்யக் கூடாதுல்ல."

ஜோஷுவா மூட்டைக்குள் கையை விட்டான். துண்டு துண்டாக எடுத்துக் கீழே வைத்தான். ஒழுங்காக உடைத்திருந்தார். எந்தத் துண்டும் ஒட்டவைக்க முடியாதபடி. பேஸ் டிரம்மின் துண்டு கையில் வந்தபோது நிறுத்தினான். என் சிவப்புக் குறி, அதன் கீழே ஊதா மை.

"அது என்ன தம்பி, பாத்துட்டே இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல அங்கிள். அழுக்கு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவன் கையிலிருந்து துண்டை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வாசித்தேன். "மார்ச் பதினொண்ணு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலு. இங்கிலாந்து கம்பெனி முத்திரை, சார். அன்னைக்கே இருந்துச்சு. நாங்க பாத்தோம். அது மேலதான் குறி போட்டேன்."

"அக்கா!" என்றான் ஜோஷுவா.

கல்யாணசுந்தரத்தின் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. "அப்ப டெனிஸ் ஏமாத்தலையா?" என்றார். திரும்பி மாடியைப் பார்த்துக் கத்தினார். "கனகு! டெனிஸ் ஏமாத்தல! அசல்தானாம்!"

கனகவல்லி பால்கனியில் வந்து நின்றார். கீழே மூட்டையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். பிறகுதான் கல்யாணசுந்தரமும் மூட்டையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். சுத்தியல் பிடித்த கொப்புளம் இருந்தது.

எடை போடலாமா என்று பங்கார்வாலா அவசரப்படுத்தினான். "சலோ பாபா, வஜன் கரூ கா?"

"ஹோ, கரா" என்றார் அவர்.

எடை போட்டு முடித்து வண்டி போனது. அந்த ஒரு துண்டை மட்டும் எடைக்குப் போட வேண்டாம் என்றார் கல்யாணசுந்தரம். என் கையில் துண்டு இருந்தது, கைக்குட்டையும் இருந்தது.

"இருங்க சார், குறியத் தொடைச்சுத் தந்திருதேன். மெழுகுதான், போயிரும்."

"வேண்டாம்மா. போட்ட குறிய அழிக்க இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இல்ல. முப்பத்தாறு வருஷத்துல நான் ஒண்ணகூட அழிச்சதில்ல." துண்டை வாங்கிச் சட்டையோடு அணைத்துக்கொண்டு படியேறினார். ஜோஷுவா பக்கம் அவர் திரும்பவே இல்லை.

டெம்போ காலியாகத் திரும்பியது. ஆறு போர்வையும் மடித்தபடியே பின்னால் கிடந்தன. வழியெல்லாம் ஜோஷுவா என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தாபோடிப் பாலம் வந்தபோது வாயைத் திறந்தான்.

"அக்கா, அந்த ரெண்டாவது அடி."

"எது?"

"அவரு வாசிச்சாருல்ல. அது லேட் இல்ல. சரியாத்தான் விழுந்துச்சு. சின்னப் புள்ளைல கேட்ட மாதிரியே இருந்துச்சு."

"அதப் போய் அவருட்ட சொல்லு. வண்டியத் திருப்பச் சொல்லுதேன்."

"இன்னொரு நாள் போறேன்" என்றான்.

மாதக் கடைசியில் கட்டடம் காலியாகிவிட்டது. மகன் வீடு எங்கே என்று அக்கம்பக்கத்தில் விசாரித்து, முகவரியை நான் எழுதி வாங்கிக் கொடுத்தேன். ஜோஷுவாவின் சட்டைப் பையில் அது இரண்டு முறை துவைக்கப்பட்டது. மூன்றாவது முறையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த ஞாயிறும் சர்ச்சின் செட்டில்தான் வாசித்தான். நன்றாகவே வாசித்தான், எல்லோரும் பாராட்டினார்கள். கட்டில் இன்னும் நகர்த்திய இடத்திலேயே இருக்கிறது. பெருக்கும்போது நான் அந்தச் சாக்பீஸ் வட்டத்தைச் சுற்றித்தான் பெருக்குகிறேன்.